பால்கிக்கு முந்தின நாள் பிலிஸ் செய்த அறிவிப்பு

புனேக்குப் பக்கத்தில் சாகணில் இருக்கிற அந்தத் தொழிற்சாலைக்குள் நுழைகிற எவரும் வரவேற்பாளர் பிலிஸின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே குரலைக் கேட்டுவிடுவார்கள். வரவேற்பு மேசையின் மூலையில் கழுத்து வளைந்த மைக் ஒன்று இருக்கிறது. அதன் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினால் இயந்திரங்கள் ஓடுகிற ஷாப் ஃப்ளோர், ஸ்டோர்ஸ், கேன்டீன், லாரிகள் நிற்கிற முற்றம் என்று மூலை முடுக்கெல்லாம் கேட்கும். "க்ருபயா லக்ஷ த்யா" என்று மராத்தியில் ஆரம்பிப்பாள். தயவுசெய்து கவனியுங்கள் என்று அர்த்தம். வெல்டிங் போடுகிறவன்கூடக் கையை நிறுத்திவிட்டுக் கேட்பான். கேட்காமல் இருந்து பார்க்கட்டுமே, இரண்டாவது தடவை அவனுடைய பெயரைச் சொல்லியே கூப்பிடுவாள்.

புனேயில், தாபோடியில் பிறந்தவள். அப்பா பாளையங்கோட்டைக்காரர், ராணுவப் பொறியியல் கல்லூரியில் வரைபடப் பிரிவில் வேலை பார்த்தவர். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருக்குழாயடியில் மராத்தி, ரேஷன் கடையில் இந்தி, பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்கள் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம். நான்கையும் ஒரே மூச்சில் கலந்தடிப்பாள். முதல் வேலை கசார்வாடியில், கார் கதவுக்குக் கீல் செய்கிற ஒரு பட்டறையில். தொலைபேசி எடுக்கிற வேலை. பட்டறை வளர்ந்தது, சாகணுக்குக் குடிபெயர்ந்தது, பெரிய கம்பெனி ஒன்று அதை வாங்கியது. மேசை நாற்காலியோடு பிலிஸும் கைமாறினாள். பழைய முதலாளி காலத்தில் நிரந்தரமாக இருந்த வேலை, புதியவர்கள் வந்ததும் வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற ஒப்பந்தமாகச் சுருங்கிப்போயிற்று. அதற்காக அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை.

கணவர் மனுவேல் அதே ராணுவக் கல்லூரிப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய பென்ஷன் வீட்டுக்கு, பிலிஸின் சம்பளம் மகள் ரியாவின் நர்சிங் படிப்புக்கு என்று ஏற்பாடு. ரியாவுக்கு இது கடைசி வருஷம். "இவ வீட்டுலயும் அனவுன்ஸ்மென்டுதான் பண்ணுவா" என்று கட்கி தேவாலயத்தில் ஆராதனை முடிந்து நிற்கிறவர்களிடம் மனுவேல் கேலி செய்வார். இட்லி வெந்துவிட்டது என்பதைக்கூட மூன்றாம் மாடிவரை கேட்கும்படிதான் சொல்வாளாம். அவளும் கூடவே சிரிப்பாள்.

வாய் பெரியதுதான். ஆனால் அந்த மேசைக்கு அவளைப்போல் காவல் இருந்தவர் கிடையாது. அந்தத் தொழிற்சாலையில் வைஃபை இரண்டு. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று, ஊழியர்களுக்கு ஒன்று. வந்தவர்களுக்கு அன்றைய பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுப்பாள். ஊழியர்களுடைய வைஃபையைக் கேட்டு எப்பேர்ப்பட்டவர் வந்தாலும் அசைந்துகொடுக்க மாட்டாள். ஒரு தடவை மும்பையிலிருந்து வந்த பெரிய அதிகாரி, தன் லேப்டாப்பில் அவசர வேலை இருக்கிறது, ஊழியர் வைஃபைதான் வேண்டும் என்று சத்தம் போட்டார். முதலில் டீ வரவழைத்துக் கொடுத்தாள், அப்புறம் பிஸ்கட் கொடுத்தாள், கடைசியில் வெளியாள் சீட்டையே கொடுத்தாள். மனிதர் டீயைக் குடித்துவிட்டு அதிலேயே வேலையை முடித்துக்கொண்டு போனார்.

இப்படிப்பட்டவள்தான் ஏமாந்தாள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

ஆஷாட ஏகாதசி நெருங்கினால் பக்கத்து ஊரான தேஹுவிலிருந்து துக்காராம் மகராஜின் பாதுகைகளைப் பல்லக்கில் வைத்து, லட்சக்கணக்கான ஜனங்கள் பஜனை பாடிக்கொண்டு பண்டரிபுரத்துக்கு நடப்பார்கள். அதற்கு இங்கே பால்கி என்று பெயர். பழைய மும்பை நெடுஞ்சாலை வழியாகக் கசார்வாடி, தாபோடி எல்லாம் கடந்துதான் பல்லக்கு புனே நகருக்குள் போகும். அன்றைக்கு அந்தச் சாலையில் வண்டி ஓடாது. கம்பெனி பஸ்கள் சுற்றிக்கொண்டு போகவேண்டும். எந்த பஸ் எங்கே நிற்கும், யார் எங்கே ஏறவேண்டும் என்பதை பஸ் ஒப்பந்தக்காரர் இர்பான் முந்தின நாள் மெயிலில் அனுப்புவார். அதைப் பிலிஸ் எல்லோருக்கும் அனுப்பி, மைக்கிலும் சொல்வாள். வருஷா வருஷம் இதுதான் நடைமுறை. அந்த மெயில் வரும்வரை அவளை யாரும் நிம்மதியாக உட்கார விடமாட்டார்கள். "மேடம், உத்யா பஸ் குடே?" என்று, அதாவது நாளைக்கு பஸ் எங்கே என்று, டீ குடிக்கப் போகிறவன் ஒரு தடவை கேட்பான், திரும்பி வரும்போது இன்னொரு தடவை கேட்பான்.

இந்த வருஷமும் பால்கிக்கு முந்தின நாள் அப்படித்தான் விடிந்தது. மழை பிசுபிசுவென்று தூறிக்கொண்டிருந்தது. மறுநாள் லாரிகளும் நகர முடியாது என்பதால் அனுப்பவேண்டிய சரக்கெல்லாம் அன்றைக்கே கிளம்பியாகவேண்டும். முற்றத்தில் லாரிகள் முட்டிக்கொண்டு நின்றன. டீ நேரம் நெருங்கும்போது மெயில் வந்தது. அனுப்பியவர் பெயர் இர்பான், தலைப்பு பால்கி தின பஸ் வழித்தடம். வரைபடத்தைப் பார்க்க இங்கே அழுத்துங்கள் என்று இருந்தது, அழுத்தினாள். கம்பெனி மெயிலின் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது, போட்டாள். ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. வரைபடம் வரவில்லை. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. உடனே இர்பானுக்கு போன் போட்டு, உங்கள் படம் திறக்கவே மாட்டேன் என்கிறதே, ஒழுங்காக அனுப்பக்கூடாதா என்று பொரிந்து தள்ளினாள்.

இர்பான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போலீஸ்காரர்கள் வழியை இன்னும் முடிவு செய்யவில்லை, நான் இன்னும் எந்த மெயிலும் அனுப்பவில்லையே மேடம் என்றார்.

பிலிஸ் போனை வைத்துவிட்டு மெயிலுக்குத் திரும்பினாள். மெயிலில் இருந்த இர்பான் என்கிற பெயரைத் தொட்டுப் பார்த்தாள். அதன் அடியில் விரிந்த முகவரி இர்பானுடையதே இல்லை. பெயரை மட்டும் நம்பாதீர்கள், முகவரியைத் தொட்டுப் பாருங்கள் என்று மாதா மாதம் எல்லோருக்கும் நினைவூட்டு மெயில் அனுப்புகிறவள் அவள்தான்.

இதில் அவளுக்கு என்ன போகும் என்பதற்குக் கேன்டீன் வாசலில் ஒட்டியிருந்த காகிதமே சாட்சி. பொய் மெயிலில் பாஸ்வேர்டு கொடுத்து ஏமாறுகிறவர் நிரந்தர ஊழியர் என்றால் மெமோ, ஒப்பந்த ஊழியர் என்றால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. தொழிற்சாலைத் தலைவர் பட்டாபிராமன் போட்ட விதி அது. டைப் அடித்து, நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டியது பிலிஸ். போன வருஷம் ஸ்டோர்ஸில் இருந்த பிரணவ் என்கிற பையன் இப்படி ஒரு மெயிலில் மாட்டிக்கொண்டு, பயத்தில் யாரிடமும் சொல்லாமல் பல நாள் மென்று விழுங்கிக்கொண்டே இருந்தான். தெரியவந்தபோது வேலை போயிற்று. அடையாள அட்டையை இவளுடைய மேசையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டே போனான். அவன் போனதற்கு அப்புறம்தான் இந்த விதி வந்தது.

பிலிஸின் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. இந்த வயதில் வேறு எந்தக் கம்பெனி அவளைக் கூப்பிட்டு வரவேற்பில் உட்காரவைக்கப்போகிறது? ரியாவின் கடைசி வருஷம் என்னாவது?

கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்வது அபினவ். தமிழ்ப் பையன், ஆனால் புனேயிலேயே பிறந்து வளர்ந்தவன், தமிழைத் தயங்கித் தயங்கித்தான் பேசுவான். அவனிடம் போய் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். இங்கே மெயிலுக்கும் ஊழியர் வைஃபைக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. அதைத் திருடியவன் மெயிலுக்குள்ளும் போகலாம், மதில் சுவருக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு கம்பெனி வைஃபையிலும் சேர்ந்துகொள்ளலாம். பால்கி மெயில் எப்படி இருக்கும் என்று திருடனுக்கு எப்படித் தெரிந்தது என்று பிலிஸ் கேட்டாள். பிரணவ் மறைத்து வைத்திருந்த அந்த நாட்களில் அவனுடைய மெயில் பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள் என்று அபினவ் சொன்னான். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"ஆன்ட்டி, உங்க பாஸ்வேர்ட் நான் இப்பவே மாத்திடறேன். யார்கிட்டயும் சொல்ல வேணாம். உங்க கான்ட்ராக்ட் இருக்கு."

நல்ல பையன். காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடலாம் என்று பார்த்தான். பிலிஸுக்கும் ஒரு நிமிஷம் சரி என்று சொல்லிவிடத்தான் தோன்றியது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

"எனக்கு வந்த மெயிலு எனக்கு மட்டுமாப்பா வந்திருக்கும்?" என்று கேட்டாள்.

"தெரியல. நிறைய பேருக்கு வந்திருக்கலாம். யார் யார் பாஸ்வேர்ட் போட்டாங்கன்னு அவங்களே சொன்னாத்தான் சீக்கிரம் தெரியும்."

"அவங்க எப்படிப்பா சொல்லுவாங்க? சொன்னா வேலை போயிரும்னு நாந்தான போர்டுல ஒட்டி வச்சிருக்கேன்."

அபினவிடம் பாஸ்வேர்டை மாற்றுகிற வேலையை உடனே ஆரம்பிக்கச் சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள். மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டு மனுவேலுக்கு போன் செய்தாள். நடந்ததைச் சொல்லி, வேலை போனாலும் போகும் என்றாள். மறுமுனையில் ரேடியோவை அணைத்துவிட்டு வந்தார் போலிருக்கிறது.

"போனாப் போவுது பிலிஸு. மறைச்சு வச்சிட்டேன்னா நீயும் தூங்க மாட்ட, என்னையும் தூங்க விடமாட்ட."

அவள் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். ஆண்டவரே என்று ஒரு தடவை முணுமுணுத்தாள். மைக்கின் பொத்தானை அழுத்தினாள். வழக்கமான "க்ருபயா லக்ஷ த்யா"வை இரண்டு தடவை சொன்னாள். அன்றைக்கு அவள் மராத்தியிலும் இந்தியிலும் மாற்றி மாற்றிச் சொன்னதைத் தமிழில் சொன்னால் இதுதான்:

"நான் பிலிஸ் பேசுறேன். பஸ் வழித்தடம்னு இர்பான் பேருல வந்திருக்கிற மெயில் பொய். நான் ஏமாந்துட்டேன். என் பாஸ்வேர்டு இப்ப திருடன் கையில இருக்கு. என் பேருல எந்த மெயில் வந்தாலும் திறக்காதீங்க. நீங்களும் பாஸ்வேர்டு போட்டிருந்தா உடனே அபினவ்கிட்ட சொல்லுங்க. வெக்கப்படாதீங்க, நானே போட்டிருக்கேன்."

பொத்தானை விட்டாள். தப்பு செய்தவர்கள் அதைத் தலையணைக்கடியில் ஒளித்துவைக்கிற காலம் இது. ஊரே கேட்கும்படி ஒலிபெருக்கியில் சொன்னவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். எனக்கெல்லாம் அந்தத் தைரியம் வராது, நான் முதலில் ஒரு வாரம் லீவு போட்டிருப்பேன்.

முதலில் வந்தது கொள்முதல் பிரிவில் இருக்கிற கிரிஜா. அழுது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவளும் பாஸ்வேர்டு போட்டிருக்கிறாள், போட்டதும் சந்தேகம் தட்ட, அப்போதிலிருந்து கழிவறையில் போய் நின்றுகொண்டிருந்தாளாம். பிலிஸ் அவள் கையைப் பிடித்து அபினவ் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இவர்கள் போய்ச் சேர்வதற்குள் அபினவே ஓடி வந்தான். பாஸ்வேர்டை அவன் மாற்றி முடிப்பதற்குள் பிலிஸின் பெயரில் எல்லோருக்கும் ஒரு மெயில் கிளம்பிவிட்டிருந்தது. திருத்திய பஸ் வரைபடம், உடனே திறக்கவும் என்று. வேறு எந்த நாளாக இருந்தாலும் பிலிஸ் அனுப்பியது என்று அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு திறந்திருப்பார்கள். இன்றைக்கு ஒருவர்கூடத் திறக்கவில்லை என்று அபினவ் சொன்னான்.

இரண்டு மூன்று பேர் தயங்கித் தயங்கி வந்தார்கள். இன்னும் பலர் வரவில்லை என்று அபினவுக்குச் சந்தேகம். ஊழியர் வைஃபையை மொத்தமாக நிறுத்தி, எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டால்தான் பிரச்சினை தீரும். ஆனால் சரக்குப் பெட்டிகளைச் சரிபார்க்கிற ஸ்கேனர்கள் அந்த வைஃபையில்தான் ஓடுகின்றன. பால்கிக்கு முந்தின நாள் ஸ்கேனரை நிறுத்துவதா? அதைச் சொல்லக்கூடிய ஆள் பட்டாபிராமன் ஒருவர்தான். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டாபிராமனின் அறையிலிருந்து பிலிஸுக்கு அழைப்பு வந்தது.

சரி, வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே போனாள். பட்டாபிராமன் அதிர்ந்து பேசுகிறவர் இல்லை. அந்த நிதானம்தான் எல்லோருக்கும் பயம். மேசைமேல் லேப்டாப் மூடியிருந்தது. அவர் ஜன்னல் வழியாக லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உக்காருங்கோ பிலிஸ்" என்றார். "அதுல பாஸ்வேர்ட் போட்டப்புறம் மேப் வரவே இல்லை, இல்லையா? வட்டம் மட்டும் சுத்திண்டே இருந்தது."

ஆமாம் சார் என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். வட்டம் சுற்றியதை மைக்கில் அவள் சொல்லவில்லையே. அபினவும் அவளோடுதான் இருந்தான், இங்கே வரவில்லை. அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"என் ஆத்துக்காரி பாலாம்பாள் பால்கி பாக்கணும்னு வருஷா வருஷம் கேப்பா. கசார்வாடில நின்னுண்டு நடந்து போறவாளுக்கு வாழைப்பழம் குடுக்கணும் அவளுக்கு. ரோடு எப்ப மூடறான்னு பாக்கலாமேன்னு திறந்தேன். உங்களுக்கு முன்னாடியே. அட்ரஸை அப்புறம்தான் பாத்தேன்."

பிலிஸுக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்தது, இன்னொரு பக்கம் அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"ரூல் போட்டது நான்" என்றார். "வெளியில சொல்ல வாய் வராம கதவைச் சாத்திண்டு உக்காந்திருந்தேன். பிரணவும் இப்படித்தானே உக்காந்திருப்பான்? அப்பத்தான் உங்க குரல் கேட்டுது."

அவள் சார் சார் என்று ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, எனக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லையே என்றார்.

"பொத்தான அழுத்திப் பிடிச்சுக்கிட்டே பேசணும் சார். விட்டா கேக்காது."

இரண்டு பேரும் சேர்ந்து வரவேற்புக்கு வந்தார்கள். தலைவர் மைக் முன்னால் உட்காருவதைக் கண்டு வாசல் காவலாளி எழுந்து நின்றுவிட்டான். அவர் அழுத்தினார், பேச ஆரம்பித்தார், பதற்றத்தில் விரல் நழுவியது. பாதி வார்த்தை காற்றோடு போயிற்று. பிலிஸ் குனிந்து அவருக்காகத் தானே பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவருடைய இந்தி விறைப்பான இந்தி, ஆனால் சொன்னது ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது. நானும் அந்த மெயிலில் பாஸ்வேர்டு கொடுத்தேன். கேன்டீனில் ஒட்டியிருக்கிற விதி இந்த நிமிஷத்திலிருந்து கிடையாது. வந்து சொல்கிற யாருடைய வேலைக்கும் நான் பொறுப்பு. சொல்லாமல் மறைத்தால்தான் எனக்கு வருத்தம். ஊழியர் வைஃபை இப்போது நிற்கும், புது பாஸ்வேர்டு வாங்கும்வரை யாரும் எதிலும் சேரவேண்டாம். சரக்கைக் கையால் எழுதி அனுப்புவோம், லாரிகள் தாமதமானால் ஆகட்டும்.

பிறகு வந்தது பாருங்கள், கேன்டீனில் சோலே பட்டூரே போடுகிற நாளில்கூட அப்படி வரிசை நின்றதில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே வெல்டிங் ஆள் வந்தான். தரப் பரிசோதனை மேலாளர் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். இவரா, இவரா என்று ஆச்சரியப்படும்படி ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அபினவும் அவனுடைய ஆட்களும் வரிசைப்படி பாஸ்வேர்டை மாற்றினார்கள். இனிமேல் மெயிலுக்கு ஒன்று, வைஃபைக்கு வேறு ஒன்று என்று ஆயிற்று. முற்றத்தில் பெட்டி எண்களைக் கையால் எழுதினார்கள். எந்த லாரி எந்த வாசலுக்கு வரவேண்டும் என்று பிலிஸ் மைக்கில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கடைசி லாரி தாமதமாகத்தான் கிளம்பியது, ஆனால் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிட்டது.

நடுவில் டீ குடிக்கப் போனபோது அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடலாம் என்று கேன்டீன் வாசலுக்குப் போனாள். அவளுக்கு முன்னாலேயே யாரோ கிழித்துவிட்டிருந்தார்கள். அவள் ஒட்டிய டேப்பின் மூலைகள் மட்டும் சுவரில் மீதியிருந்தன. பட்டாபிராமன் சார்தான் வந்து பிய்த்தார், நகம் போட்டுச் சுரண்டிப் பார்த்தார், மூலை வரவில்லை என்று கேன்டீன்காரர் சொன்னார். மூலையை அவள் சுரண்டி எடுத்தாள்.

சாயங்காலம் இர்பான் போன் செய்தார். மெயில் அனுப்பவா மேடம் என்று தயங்கிக் கேட்டார். வேண்டாம், வாயாலேயே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் மைக்கை அழுத்தி எந்த பஸ் எங்கே நிற்கும் என்பதை மராத்தியில் சொன்னாள், இந்தியில் சொன்னாள், ஆங்கிலத்திலும் சொன்னாள். வழக்கமாக அதோடு பொத்தானை விட்டுவிடுவாள். அன்றைக்கு விடவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த ஒலிபெருக்கியில் தமிழ் கேட்டது.

"பட்டாபிராமன் சார், கசார்வாடி ரோட்ட விடியுறதுக்கு முன்னாலயே மூடிருவாங்களாம். பாலாம்பாள் அம்மாவ வெள்ளனத்துலயே கூட்டிட்டுப் போயிருங்க. வாழைப்பழத்த மறந்துராதீங்க."

பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் ஒன்றும் புரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அபினவ் மட்டும் தன் அறைக்குள் உட்கார்ந்து சிரித்தான். மேலே மாடியில், வரவேற்பைப் பார்த்த ஜன்னலோரம் நின்றிருந்த பட்டாபிராமன், பிலிஸுக்குத் தெரியும்படி சரியென்று தலையை ஆட்டினார்.